ஹாலஜன் பல்பு: கண்ணாடியில் கை படாமல் மாற்றுவது எப்படி?

ஹெட்லைட் பல்பு மாற்ற மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. போனட்டைத் திறந்தால் விளக்குக்குப் பின்னால் கை நுழைகிற அளவுக்கு இடம் இருக்கிற கார் என்றால், ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அவசரமாகச் செய்கிறவர்கள் இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். புது பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் பிடித்துவிடுகிறார்கள், அல்லது பல்பைச் சரியாக உட்கார வைக்காமலே கிளிப்பை அமுக்கி மூடிவிடுகிறார்கள். முதலாவதில் உங்கள் காசு போகும். இரண்டாவதில் எதிரே வருகிறவருக்குக் கண் கூசும், அதுவும் உங்களுக்குத் தெரியவே தெரியாது, லைட் எரிகிறதே என்று போய்க்கொண்டே இருப்பீர்கள். அதனால் இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்லும் இடம், பல்பு உட்காரும் அந்த ஒரு நிமிடமும் அதற்கப்புறம் சுவரில் வெளிச்சத்தை அடித்துப் பார்க்கும் ஐந்து நிமிடமும்தான்.

முக்கியமாக ஹெச்4 பல்பை வைத்தே சொல்கிறேன். 1971-ல் வந்த வகை, இன்னும் நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் அதுதான் ஓடுகிறது. ஒரே பல்புக்குள் பிரைட்டுக்கு ஓர் இழை, டிம்முக்கு ஓர் இழை. 12 வோல்ட், 60/55 வாட். பைக், ஸ்கூட்டர், மண்டபத்து போகஸ் லைட் எல்லாம் பின்னால் வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் "தொடாதே" என்பதற்கு அர்த்தம் புரியும். சாதாரண குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, கண்ணாடியின் உள்பக்கம் கறுப்பாகப் படியும். இழை மெலிந்துகொண்டே வந்து ஒருநாள் அறுந்துபோகும். ஹாலஜன் பல்பில் மந்த வாயுவோடு துளி அயோடினோ புரோமினோ சேர்த்திருப்பார்கள். ஆவியான டங்ஸ்டன் சுவரோரம் போனதும் அது டங்ஸ்டனோடு சேர்ந்து, சுற்றி வந்து, சூடான இழைக்குப் பக்கத்தில் மறுபடி டங்ஸ்டனை விட்டுவிடும். கண்ணாடி கறுக்காது, இழையை இன்னும் சூடாக ஓட்டலாம், வெளிச்சமும் கூடும்.

இந்தச் சுற்று நடக்கக் கண்ணாடிச் சுவர் எப்போதும் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். அதனால்தான் பல்பு இவ்வளவு சின்னதாக, இழைக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது, அதனால்தான் சாதாரணக் கண்ணாடி போடாமல் குவார்ட்ஸ் போன்ற கடினக் கண்ணாடி போடுகிறார்கள். உள்ளே வாயுவின் அழுத்தமும் அதிகம். ஆறிப்போய்ச் சும்மா கிடக்கும் பல்பிலேயே வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம் இருக்கும், எரியும்போது இன்னும் ஏறும். கீழே விழுந்தாலோ கீறல் விழுந்தாலோ இது சாதுவாக உடையாது, வெடித்துச் சிதறும்.

சரி, விரல் பட்டால் என்ன? நம் வியர்வையில் உப்பும் எண்ணெயும் இருக்கிறது. அது பட்ட இடத்தில் குவார்ட்ஸ் சூடேறும்போது படிகமாக மாறத் தொடங்கும். பால் தெளித்தாற்போல் ஒரு வெள்ளைத் திட்டு விழும். அந்த இடம் மட்டும் அதிகம் சூடாகி, இளகி, உள் அழுத்தத்தால் வெளியே புடைத்துவிடும். கழற்றின பழைய பல்பில் ஒரு பக்கம் சின்னக் கொப்புளம் மாதிரி தெரிந்தால் போன தடவை மாட்டியவர் விரலை வைத்திருக்கிறார் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

பல்புதான் போயிருக்கிறதா?

கடைக்கு ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஒரு பக்கம் டிம் மட்டும் எரியவில்லை, அதே பக்கம் பிரைட் எரிகிறது என்றால் பெரும்பாலும் பல்புதான், டிம் இழை அறுந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் டிம் போய்விட்டது என்றால் ஃபியூஸ், ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் காம்பினேஷன் ஸ்விட்ச் என்று இந்த வரிசையில் பாருங்கள். சில கார்களில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனி ஃபியூஸ் இருக்கும், அதனால் ஒரு பக்கம் மட்டும் போனாலும் ஃபியூஸை ஒருமுறை எட்டிப்பார்ப்பது நல்லது.

ஹெட்லைட்டை லேசாகத் தட்டினால் எரிந்து எரிந்து அணைகிறதா? பின்னால் மாட்டியிருக்கும் கப்ளர், அதாவது பல்புக்குக் கரண்ட் கொடுக்கும் ஒயர் சாக்கெட், லூஸ். ஒரு பக்கம் மட்டும் மங்கி, மஞ்சளாக எரிகிறதா? எர்த்து சரியில்லை. இந்த இரண்டுக்கும் புது பல்பு வாங்கிப் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பழைய பல்பைக் கழற்றியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி பளிச்சென்று இருந்து இழை மட்டும் அறுந்திருந்தால் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். உள்ளே வெள்ளைப் புகை படிந்தாற்போல் இருந்தால் எங்கோ கீறி, காற்று உள்ளே போயிருக்கிறது. கறுப்பாகவோ வெள்ளி பூசினாற்போலவோ இருந்தால் அந்த ஹாலஜன் சுற்று ஒழுங்காக நடக்கவில்லை.

பல்பு அடிக்கடி போகிறது என்றால் பல்பைத் திட்டாதீர்கள், மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் சரி. 15-ஐத் தாண்டுகிறது என்றால் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரில் கோளாறு. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும், அதனால் ரெகுலேட்டரைப் பார்க்காமல் பல்பு மாற்றுவது கடைக்காரருக்கு மட்டுமே லாபம்.

கடையில் என்ன வாங்குவது

பழைய பல்பின் உலோக அடியில் வகை எழுதியிருக்கும்: ஹெச்4, ஹெச்7, ஹெச்11 என்று. வண்டிப் புத்தகத்திலும் இருக்கும். "ஆல்ட்டோ பல்பு கொடுங்க", "ஐ10 பல்பு கொடுங்க" என்று கேட்பதைவிட அந்த எழுத்தைச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் ஒரே காரில் மாடல் வருஷத்துக்கு ஏற்ப வகை மாறியிருக்கலாம். ஹெச்7-லும் ஹெச்11-லும் ஓர் இழைதான், 55 வாட். அந்த வண்டிகளில் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று தனித்தனி பல்பு இருக்கும்.

ஒன்று போனால் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே நேரம் எரிந்தவை, இன்னொன்றும் நாள் எண்ணிக்கொண்டிருக்கும். தவிர, ஒரு பக்கம் பழசும் ஒரு பக்கம் புதுசுமாக இருந்தால் வெளிச்சத்தில் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்.

அப்புறம் கடைக்காரர் கேட்பார், "நூறு வாட் தரட்டுமா சார், சும்மா பகல் மாதிரி இருக்கும்". வேண்டாம். 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கப்ளரில் உண்டாகும் சூடு கரண்ட்டின் இருமடியில் ஏறுவதால் அதே கப்ளரில் ஏறக்குறைய 2.8 மடங்கு சூடு. முதலில் கப்ளர் பிளாஸ்டிக் பழுப்பாகும், அப்புறம் உருகும், அப்புறம் பல்புக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பும் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு கருகும். மொத்த டூமையும் (ரிஃப்ளெக்டரும் முன்கண்ணாடியும் சேர்ந்த ஹெட்லைட் கூடு) மாற்ற வேண்டி வந்தால் செலவு பல்பு விலையைப் போலப் பல மடங்கு. நீலப் பூச்சு பூசின பல்பையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அந்தப் பூச்சு மஞ்சள் வெளிச்சத்தை வடிகட்டித்தான் வெள்ளையாகக் காட்டுகிறது, அதாவது காசு கொடுத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறீர்கள். அதே வாட்டில் "கூடுதல் வெளிச்சம்" என்று விற்கிற நல்ல கம்பெனி பல்புகள் உண்மையிலேயே கொஞ்சம் கூடுதலாகத் தரும், ஆனால் இழையை அதிகச் சூட்டில் ஓட்டுவதால் சீக்கிரம் போகும். தெரிந்து வாங்கினால் தப்பில்லை.

கழற்றுவது

விளக்கை அணைத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். சாவி எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றுகிற வண்டிகள் உண்டு, ஃபேன் பக்கம் கையோ துண்டோ போகக் கூடாது. குறைந்தது 15, 20 நிமிடம் ஆறவிடுங்கள். அணைத்த உடனே தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும் அளவுக்குச் சூடு இருக்கும், சூடான பல்பு சின்னத் தட்டலுக்கே உடையவும் செய்யும். மழை பெய்துகொண்டிருந்தால் ஒதுங்கி நில்லுங்கள், சூடான கண்ணாடியில் ஒரு சொட்டு தண்ணீர் பட்டால் போதும்.

கண்ணுக்கு ஏதாவது ஒரு கண்ணாடி, கைக்குச் சுத்தமான காட்டன் அல்லது நைட்ரில் கையுறை. கையுறை இல்லையென்றால் துவைத்த பருத்தித் துணி போதும், மெக்கானிக் கடையில் தொங்கும் எண்ணெய்த் துணி மட்டும் வேண்டாம்.

கைவைப்பதற்கு முன் செல்ஃபோனில் பின்பக்கத்தை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கப்ளர் எந்தப் பக்கம், ரப்பர் எப்படி இருந்தது, கிளிப் எங்கே மாட்டியிருந்தது என்று பின்னால் குழப்பம் வராது. ஒரு பக்கம் பேட்டரி, இன்னொரு பக்கம் வைப்பர் தண்ணி டப்பாவின் கழுத்து இடிக்கும். பேட்டரியைக் கழற்ற வேண்டி வந்தால் முதலில் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் பம்பரையே இறக்கினால்தான் வழி கிடைக்கும், அப்படிப்பட்டதை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

முதலில் கப்ளர். ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது, கப்ளரின் உடம்பைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தபடி நேராகப் பின்னால் இழுங்கள். பல வருஷச் சூட்டில் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், முரட்டுத்தனம் காட்டினால் உடைந்து கையோடு வரும். வெளியே வந்ததும் உள்ளே மூன்று துளைகளையும் பாருங்கள். ஏதாவது ஒன்று கருகியிருந்தால் அந்தக் கப்ளரில் புது பல்பை மாட்டாதீர்கள், பீங்கான் ஹோல்டர் ஒன்று வாங்கி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஒயர் முனையைச் சரியாக அழுத்திப் பொருத்தி (கிரிம்ப்) தரச் சொல்லுங்கள். சும்மா முறுக்கி டேப் சுற்றுவது இந்த இடத்துக்கு ஆகாது.

அடுத்து ரப்பர் மூடி. ஓரத்தில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடித்துச் சுற்றிலும் உரித்தால் வந்துவிடும். அதன் பின்னால் தெரிகிற கம்பிதான் கிளிப். நுனியை உள்ளே அமுக்கி, பக்கவாட்டில் நகர்த்தினால் கொக்கியிலிருந்து விடுபட்டுத் தொங்கும். அமுக்காமல் நெம்பினால் வளைந்துவிடும், வளைந்த கிளிப் பல்பை இறுக்கிப் பிடிக்காது. கிளிப் ஒரு சின்னத் திருகில் மாட்டியிருந்தால் அந்தத் திருகைக் கழற்ற வேண்டாம், உள்ளே விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு.

இப்போது பல்பு நேராகப் பின்னால் வரும். திறந்த ஓட்டையை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், தூசியும் ஈரமும் உள்ளே போனால் ரிஃப்ளெக்டரில் படிந்துவிடும். உள்ளே விரலோ துணியோ விட்டுத் துடைக்கவும் கூடாது, அந்தப் பளபளப்பு மிக மெல்லிய அலுமினியப் பூச்சு, துணி பட்டாலே கீறல் விழும்.

புதியதை உட்கார வைப்பது

டப்பாவைத் திறக்கும்போதே உலோக அடி உங்கள் பக்கம் இருக்கும்படி திறந்து, அந்த அடியை மட்டும் பிடித்து எடுங்கள். கண்ணாடியில் விரல் பட்டுவிட்டது என்றால் பயப்பட ஒன்றுமில்லை, எரியவிடுவதற்கு முன் துடைத்துவிட்டால் போதும். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐ.பி.ஏ. என்று ஒரு திரவம் வைத்திருப்பார்கள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதைப் பஞ்சு ஒட்டாத துணியில் நனைத்துத் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் மாதிரி ஏதாவது கலந்திருக்கும். பெட்ரோலும் தின்னரும் நினைத்தே பார்க்க வேண்டாம்.

ஹெச்4 பல்பின் உலோக வளையத்தில் மூன்று காதுகள் இருக்கும். மூன்றும் ஒரே அளவில்லை, ஒன்று மட்டும் அகலம். அந்த அகலக் காது மேலே, பன்னிரண்டு மணி முள் நிற்கும் இடத்தில். டூமின் பின்புறத்தில் அதற்கேற்ற பள்ளங்கள் இருக்கும். பல்பை நேராக உள்ளே விட்டு, லேசாக இடமும் வலமும் அசைத்தால் மூன்று காதுகளும் பள்ளத்தில் விழுவது விரலுக்கே தெரியும். விழுந்த பிறகு வளையம் டூமோடு ஒட்டி, சுற்றிலும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றாலும் அது உட்காரவில்லை என்றுதான் அர்த்தம். வெளியே எடுத்து மறுபடி விடுங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஹெச்4 பல்பைப் பக்கவாட்டில் பார்த்தால் முன்பக்க இழைக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு தெரியும். முன்பக்க இழைதான் டிம். கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அந்தத் தகடு மறைத்துவிடுவதால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, ரோட்டை நோக்கித் திரும்புகிறது. டிம் போட்டால் ஒரு கோட்டுக்கு மேல் இருட்டாக இருப்பது இந்தத் தகட்டால்தான். பல்பு சாய்ந்தால் தகடு சாயும், தகடு சாய்ந்தால் அந்தக் கோடும் சாயும், அப்புறம் உங்கள் டிம்மும் எதிரே வருகிறவருக்குப் பிரைட்தான். முன்னெல்லாம் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டுவார்கள், மேல்பாதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பார்கள். அந்தப் பொட்டு செய்ய நினைத்த வேலையை இந்தத் தகடு பல மடங்கு துல்லியமாகச் செய்யும், பல்பு ஒழுங்காக உட்கார்ந்திருந்தால்.

ஒரு விரலால் பல்பின் உலோக அடியை உள்நோக்கி அழுத்திப் பிடித்தபடியே கிளிப்பை மாட்டுங்கள். மாட்டியதும் பல்பை ஆட்டிப் பாருங்கள், துளியும் ஆடக் கூடாது. அப்புறம் ரப்பர் மூடி. பல மூடிகளில் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று எழுத்தோ அம்புக்குறியோ இருக்கும். ஓரம் முழுக்க டூமின் விளிம்பில் படிந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். ஒரு இடத்தில் வாய் பிளந்திருந்தாலும் மழைக்காலத்தில் ஹெட்லைட்டுக்குள் ஆவி கட்டும். கடைசியாகக் கப்ளரை முழுசாக அடிவரை தள்ளுங்கள். பாதியில் நின்ற கப்ளர்தான் நாளைக்குக் கருகும்.

ஹெச்11 இதைவிடச் சுலபம், கால் சுற்று திருப்பினால் கழலும், கால் சுற்று திருப்பினால் மாட்டும், அதிலிருக்கும் ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஹெச்7-ல் கிளிப்பும் இருக்கலாம், தனி அடாப்டரும் இருக்கலாம். அடாப்டரைப் பழைய பல்போடு சேர்த்துத் தூக்கிப்போட்டுவிட்டுத் தேடுகிறவர்கள் ஏராளம்.

சுவரில் அடித்துப் பார்ப்பது

சமதரையில், சுவருக்கு நேராக 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும், டேஷ்போர்டில் ஹெட்லைட் உயரம் மாற்றும் திருகு இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். ஹெட்லைட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதைவிட 10 சென்டிமீட்டர் கீழே ஒரு டேப் ஒட்டுங்கள். பொதுவாக டிம் வெளிச்சம் 100-க்கு 1 என்ற அளவில் இறங்க வேண்டும், 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். உங்கள் ஹெட்லைட்டின் மேல் வேறு சதவீதம் அச்சிட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

டிம் போட்டதும் வெளிச்சத்தின் மேல்விளிம்பு டேப்பை ஒட்டி நிற்க வேண்டும். நாம் இடதுபக்கம் ஓட்டுவதால் இடது ஓரத்தில் மட்டும் அந்த விளிம்பு மேல்நோக்கி ஏறும். ரோட்டோரம் நடப்பவரும் மைல்கல்லும் தெரிவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், அதைக் கோளாறு என்று நினைத்து இறக்கிவிடாதீர்கள்.

விளிம்பு கலங்கலாக, கோணலாக, அல்லது ஒரு பக்கம் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது என்றால் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து அட்ஜஸ்ட் திருகைத் திருப்ப ஆரம்பிக்காதீர்கள். நேற்றுவரை சரியாக இருந்த ஃபோகஸ், பல்பு மாற்றியதால் மட்டும் கெட்டிருக்கிறது என்றால் பல்பு சரியாக உட்காரவில்லை. ஆறவிட்டு, ரப்பரைக் கழற்றி, மறுபடி உட்கார வையுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் பல்பிலேயே இழை தப்பான இடத்தில் இருக்கலாம், மலிவான போலிகளில் இது சாதாரணம், கடையில் மாற்றிக் கேளுங்கள். திருகைத் தொடுவது கடைசி.

பைக், ஸ்கூட்டர்

பல பைக்குகளில் வருவது ஹெச்எஸ்1, 35/35 வாட். பார்க்க ஹெச்4 மாதிரியே இருக்கும், காதின் அமைப்பில் மட்டும் வித்தியாசம். அந்தக் காதைக் கொஞ்சம் ராவி 60/55-ஐ நுழைத்துவிடுகிற மகான்கள் இருக்கிறார்கள். பைக்கில் கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டர் அந்த லோடுக்குச் செய்ததில்லை, பேட்டரி சார்ஜ் ஏறாமல் போகும், ஹோல்டர் உருகும்.

வட்ட ஹெட்லைட் உள்ள பைக்கில் பக்கவாட்டில் அல்லது கீழே இருக்கும் திருகுகளைக் கழற்றினால் டூம் முன்பக்கமாக வந்துவிடும். ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒயரில் தொங்கவிடாதீர்கள். மீதியெல்லாம் கார் மாதிரிதான். ஸ்கூட்டரில் ஹேண்டில் முன்மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும், அதில் வேலையே பிளாஸ்டிக் கொக்கிகளை உடைக்காமல் எடுப்பதுதான். எல்லாத் திருகும் வந்துவிட்டதா என்று இருமுறை பார்த்த பிறகே இழுங்கள்.

2017 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் வரும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரியும். பகல் முழுக்க எரிவதால் பல்பும் சீக்கிரம் தேய்கிறது, வண்டியை நிறுத்தியதும் டூமும் நல்ல சூட்டில் இருக்கும். வெயிலில் ஓட்டிவந்த வண்டிதானே, லைட் போடவே இல்லையே என்று உடனே கைவைக்காதீர்கள். பழைய பைக்குகளில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம் ஏறி, விட்டால் மங்கும். அதில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியவில்லை, எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தரும் மேக்னெட்டிலிருந்து நேரடியாக எரிகிறது, அது கோளாறு இல்லை.

மண்டபத்து போகஸ் லைட்டும் கடை விளக்கும்

கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் இன்னும் 500, 1000 வாட் குழல் ஹாலஜன் போட்ட போகஸ் லைட்டுகள் இருக்கின்றன. இது 230 வோல்ட், ஹெட்லைட் விளையாட்டு இங்கே செல்லாது. ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். குழல் 500 வாட் என்றால் 118 மில்லிமீட்டர் நீளம், 1000 வாட் என்றால் 189; நீளம் பார்த்து வாங்குங்கள். ஒரு முனையை ஸ்பிரிங் பக்கம் வைத்து அமுக்கி, மறுமுனையை விட்டால் உட்கார்ந்துவிடும். இரண்டு முனையும் இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பொறி பறந்து முனை கருகும். துணியால் பிடித்துத்தான் மாட்ட வேண்டும் என்று திரும்பவும் சொல்லத் தேவையில்லை.

குழல் எப்போதும் படுக்கைவாக்கில் இருக்க வேண்டும். விளக்கைச் செங்குத்தாகத் திருப்பிக் கட்டினால் குழலின் ஒரு பக்கம் மட்டும் சூடேறிச் சீக்கிரம் போகும். முன்கண்ணாடி இல்லாமல் எரியவிடவே கூடாது, குழல் வெடித்தால் தெறிப்பதைத் தடுப்பதும் புற ஊதாக் கதிரைக் குறைப்பதும் அதுதான். பந்தல் துணி, தெர்மோகோல் அலங்காரம், சரம் சரமாகத் தொங்கும் பூ எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும், விளக்கில் அதைவிட அதிகம் எழுதியிருந்தால் அவ்வளவு. எர்த்து ஒயரை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக் மாட்டியிருந்தால் அந்த விளக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

நகைக்கடை, துணிக்கடைக் கூரையில் இருக்கும் சின்னக் கிண்ண விளக்குகள் 12 வோல்ட், மேலே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஒளிந்திருக்கும். இவற்றை எல்.இ.டி.க்கு மாற்றுவது நல்ல யோசனைதான், ஆனால் பழைய எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மருக்கு எல்.இ.டி.யின் லோடு போதாமல் சிமிட்டும். அப்போது டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

வெளிச்சம் போதவில்லை என்றால்

ஹெட்லைட்டிலும் எல்.இ.டி. போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டர் அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் செய்தது. எல்.இ.டி. சில்லுகள் தட்டையான பலகையின் இரண்டு பக்கமும் ஒட்டியிருப்பதால் வெளிச்சம் கண்ட திசையில் சிதறும். வண்டி வந்தபடி இல்லாமல் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விஷயமும் கூட. கம்பெனியே எல்.இ.டி. டூமோடு கொடுத்த வண்டி வேறு கதை.

அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, நிறையப் பேர் செய்வதில்லை. எஞ்சின் ஓட, டிம் எரிய, கப்ளரின் பின்பக்கத்தில் மல்டிமீட்டர் முனையை வைத்து வோல்டேஜ் பாருங்கள், பேட்டரி முனையிலும் பாருங்கள். வயசான வண்டியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஹாலஜனுக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். நல்ல தடிமனான ஒயரோடு ரிலே போட்ட ஹார்னஸ் (ஒயர்த் தொகுப்பு) ஒன்று மாட்டினால் அதே 60/55 பல்பு வேறு பல்பு மாதிரி எரியும். ஹெட்லைட்டின் முன்கண்ணாடி மஞ்சளடித்திருந்தால் அதையும் பாலிஷ் போடுங்கள்.

உடைந்தால், தூக்கிப்போடும்போது

டூமுக்குள் பல்பு வெடித்திருந்தால் ஆறவிட்டு, மிஞ்சிய அடியைக் குறடால் பிடித்து எடுங்கள். தூள்களைத் துணியால் துடைக்காமல், முடிந்தால் டூமைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டுங்கள், இல்லையென்றால் வேக்வம் குழாயை ரிஃப்ளெக்டரில் படாமல் பிடித்து உறிஞ்சுங்கள்.

பழைய ஹாலஜனில் சி.எஃப்.எல். மாதிரி பாதரசம் இல்லை, அதனால் விஷ பயம் கிடையாது. ஆனால் உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கிறது, பிள்ளைகள் விளையாட எடுத்துக் கல்லால் அடித்தால் கண்ணுக்கு ஆபத்து. புது பல்பு வந்த டப்பாவிலேயே போட்டு, செய்தித்தாளில் சுற்றி, டேப் ஒட்டி, "கண்ணாடி" என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளருக்கு அந்த ஒரு சொல் உதவும். பாட்டில் கண்ணாடியோடு கலக்க வேண்டாம், இதன் உருகுநிலை வேறு என்பதால் மறுசுழற்சிக்கு ஆகாது.

எரிந்துகொண்டிருந்த பழைய பல்பில் ஒன்று இன்னும் நன்றாக இருந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டாம். அதே டப்பாவில் வைத்து, ஒரு ஜோடி கையுறையோடு டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவையுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியில் ஒரு பக்கம் போய்விட்டால், ராத்திரி எந்தக் கடையும் திறந்திருக்காது.